கிம்பல் பார்க்கில் யாரும் எழுந்திருக்கவில்லை

— அதைச் சொல்லிடாதே, வர்ஜில்.

— நான் வாயே திறக்கலையே, மார்லீன்.

— திறக்கப் போன. அத்தனை வருஷம் உன்கூடக் குடித்தனம் பண்ணினவளுக்குத் தெரியாதா? நீ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி மூக்கைச் சொறிவே. இப்பச் சொறிஞ்ச.

— மூக்கு அரிச்சது.

— எது அரிச்சாலும் சொல்லாதே. அஞ்சு இன்னிங்ஸ் முடிஞ்சாச்சு. போர்டைப் பாரு, கோல்ட்டன்காரனுங்க பேருக்கு நேரா வரிசையா முட்டை. மட்டையைத் தூக்கிட்டு வந்தவன் ஒருத்தன் விடாம வந்த வழியே திரும்பிப் போயிருக்கான், முதல் பேஸைக்கூட மிதிக்கல. கண்ணு இருக்கறவனுக்கு அது தெரியும். வாயால சொன்னா ஓடிப் போயிடும்.

— நான் அதைப் பத்திச் சொல்ல வரல. கிளம்பணும்னு சொல்ல வந்தேன்.

— என்னது?

— ஏழு மணிக்கு டவுன் ஹால்ல கவுன்சில் கூட்டம். ரெண்டு இன்னிங்ஸ் பாத்துட்டு ஓடிடலாம்னுதான் வந்தேன். முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கோ, நான் அப்படியே நழுவி...

— சார், உக்காருங்க.

— ஓட்டிஸ், நீ பின் வரிசையில உக்காந்துட்டு எனக்கு உத்தரவு போடாதே.

— வண்டி ஓடும்போது எந்திரிக்கக் கூடாது சார்.

— இது உன் ஸ்கூல் பஸ் இல்லப்பா.

— ஸ்கூல் பஸ்னா பரவாயில்ல, பிரேக் போட்டு இறக்கி விடலாம். இதுல பிரேக் கிடையாது. முதல் பந்துலேருந்து நீங்க அந்த சீட்ல, அம்மா இந்த சீட்ல, நான் உங்க முதுகுக்குப் பின்னாடி. இப்படி உக்காந்துதான் இன்னிங்ஸுக்கு மூணு பேரா பதினஞ்சு பேரை அனுப்பி வெச்சிருக்கோம். ஒன்பதாவது இன்னிங்ஸ் முடிய இன்னும் பன்னெண்டு பேர் பாக்கி. நான் மூணாவது இன்னிங்ஸ்லேருந்து பாத்ரூம் போகாம அடக்கிட்டு இருக்கேன். ஒரு வார்த்தை சொன்னேனா?

— இப்பச் சொல்லிட்டியே.

— கேட்டியா வர்ஜில், அவன் சொல்றதுல ஞாயம் இருக்கு. நம்ம நாரைங்க டீம் இந்த மைதானத்துல பேஸ்பால் ஆட ஆரம்பிச்சு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு தடவைகூட அது நடந்ததில்ல. இன்னைக்கு நடக்கப் பாக்குது. அதுவும் யாரு கையால? ஹக்கின்ஸ் வாத்தியார் கையால.

— அதுதான் எனக்கும் புரியல. ஏழாம் கிளாஸ் பசங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கற மனுஷன். போன வாரம் அவர் போட்ட பந்து ஒண்ணு நேரா ஹாட் டாக் கடைக்குள்ள போச்சு. கடுகு டப்பா கவுந்துது. அதைப் பத்தித்தான் என் பத்தியில எழுதினேன்.

— படிச்சேன். பாதிக்கு மேல உன் துணி துவைக்கிற மெஷின் ஒரு சாக்ஸை முழுங்கினதைப் பத்தி இருந்துது.

— எனக்குத் தெரிஞ்சது மூணே விஷயம். வீட்டு வேலை, இந்த மைதானம், டிவியில நியூஸ்ல பாத்தது. மூணையும் ஒரே சட்டியில போட்டுக் கிளறி வாரா வாரம் பேப்பருக்கு அனுப்பறேன். அதையும் ஊருல நாலு பேர் படிக்கிறாங்க. அதுல மூணு பேர் தப்புக் கண்டுபிடிக்கப் படிக்கிறாங்க.

— நாலாவது ஆள் நான். நானும் அதுக்குத்தான் படிக்கிறேன்.

— அது தெரியும், மகாராணி. இப்ப வழியை விடு.

— இரு. எனக்கும் ஒரு பக்கம் உன்னை அனுப்பணும்னுதான் தோணுது. இந்த இடத்தைக் கோடவுன் கம்பெனிக்காரனுக்கு விக்கிறதா வேண்டாமான்னு கை தூக்கற கூட்டம் இன்னைக்குத்தானே? மூணு பேர் அந்தப் பக்கம், மூணு பேர் இந்தப் பக்கம், நடுவுல நீ. நீ போயி வேண்டாம்னு கை தூக்கினாத்தான் இந்தப் பெஞ்சு நமக்கு மிஞ்சும். அதனால ஓட்டிஸ்கிட்ட நானே கெஞ்சி... ஏய்யா, இப்ப எதுக்கு மூக்கைச் சொறியற?

— அரிக்குது.

— வர்ஜில்.

— ஆறாவது இன்னிங்ஸ் ஆரம்பிச்சுட்டாங்க. பாரு.

— நீ எந்தப் பக்கம் கை தூக்கப் போற?

— ஆஹா, என்ன பந்து பாத்தியா. வளைஞ்சு வந்து உள்ள விழுந்துது. ஒருத்தன் போயாச்சு.

— என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.

— விக்கலாம்னு.

— விக்கலாம்னா?

— விக்கலாம்னுதான். அதனாலதான் ரெண்டு இன்னிங்ஸ் பாத்துட்டுப் போக வந்தேன். சொல்லாமக் கொள்ளாமப் போகக் கூடாது பாரு. செத்த வீட்டுக்குப் போனாலும் மூஞ்சியைப் பாத்துட்டு வர்றோமே, அந்த மாதிரி.

— ஓட்டிஸ்.

— அம்மா?

— வழியை விடு. இந்த ஆள் போகட்டும். எங்க வேணாலும் போகட்டும்.

— முடியாதும்மா. உங்க கோவம் நியாயம். ஆனா ரெண்டு பேர் போயாச்சு, மூணாவது ஆள் மட்டையைத் தட்டிட்டு நிக்கிறான். இப்ப எப்படி விடறது?

— போன் அடிக்குது. டவுன் ஹால் கிளார்க் பெர்னிஸ். ஹலோ... ஆமா பெர்னிஸ், வர்ஜில்தான். வீட்லதான் இருக்கேன். குழாய் உடைஞ்சு சமையல்கட்டெல்லாம் தண்ணி, பிளம்பர் வந்திருக்கான்... அப்படியா... சரி... சரி. வெச்சிடறேன்.

— உன் வீட்ல குழாய் உடைஞ்சிருக்கா?

— பின்ன, விக்கப் போற இடத்துல உக்காந்து பந்து பாத்துட்டிருக்கேன்னா சொல்ல முடியும்?

— என்ன சொன்னா?

— அதான் விசித்திரம். கோவமே இல்ல. கிளம்பிட்டீங்களான்னு கேட்டா. இல்லேன்னதும், அவசரமில்ல, மெதுவா வாங்கன்னுட்டா.

— பெர்னிஸா? கூட்டத்துக்கு ஒரு நிமிஷம் லேட்டா வந்தா வாசல்லயே நிக்க வெக்கிற பெர்னிஸா?

— அவளேதான். எல்லாரும் உக்காந்திருக்காங்களாம், ஒருத்தரும் அசையலையாம். மேயர் நகத்தைக் கடிச்சிட்டிருக்காராம். கிசுகிசுன்னு பேசினா, கோயில்ல பேசற மாதிரி. பாவம், என்னால எல்லாருக்கும் டென்ஷன்.

— மூணாவது ஆளும் அவுட். ஆறு இன்னிங்ஸ் முடிஞ்சுது. நான் சந்தோஷப்படணும். நீ பக்கத்துல இருக்கறதால முடியல.

— மார்லீன், நான் சொல்றதைக் கேளு.

— நாம பிரிஞ்சப்ப வக்கீல் ஒரு நாள் பூரா உக்காந்து எல்லாத்தையும் பிரிச்சான். வீடு எனக்கு, கார் உனக்கு. நாய்கூட ஒரு வாரம் அங்க, ஒரு வாரம் இங்க. இந்த ரெண்டு சீட்டை மட்டும் பிரிக்க முடியல. ஒருத்தரும் விட்டுக் குடுக்கல. அதனாலதான் இன்னிக்கும் உன் தோள் என் தோளை இடிக்குது. அந்தச் சீட்டைத்தான் நீ விக்கப் போறே.

— வீடு உனக்கு வந்துதே, அந்த வீட்டுக் குழாயும் உனக்குத்தான் வந்துது. அதைத் திறந்தா என்ன வருது?

— தண்ணி.

— என்ன கலர்ல?

— அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— டீ கலர்ல வருது. வடக்குத் தெரு முழுக்க அப்படித்தான். தாத்தா காலத்துக் குழாய், உள்ள பூரா துரு. மாத்தறதுக்கு டவுன்ல காசில்ல. கோடவுன்காரன் இந்த இடத்தை வாங்கினா அந்தப் பணத்துல மாத்திடலாம். நீ வாரா வாரம் கேன் கேனாத் தண்ணி தூக்கி, இடுப்பைப் புடிச்சிட்டு இந்தப் படி ஏறி வர்றதை நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன். பந்தைப் பாக்கற மாதிரி நடிச்சிட்டு அதைத்தான் பாக்கறேன்.

— ஓ.

— என்ன ஓ?

— எனக்காகன்னு சொல்ற.

— வடக்குத் தெருவுக்காகன்னு சொன்னேன்.

— வடக்குத் தெருவுல நாலு நாளைக்கு ஒரு தடவை, ஏதோ கடைக்குப் போற மாதிரி காரை மெதுவா ஓட்டிட்டுப் போறது யாரு? சும்மா கதை விடாதே. எனக்காகன்னு நீ பண்ணினது எல்லாம் இப்படித்தான். எனக்காகன்னு ஒரு படகு வாங்கினே. எனக்கு நீச்சல் தெரியாது.

— அது நல்ல படகு.

— சார், அம்மா, கொஞ்சம் மெதுவா. ஏழாவது ஆரம்பிச்சாச்சு. வாத்தியார் காதுல விழப் போகுது.

— ஓட்டிஸ், நீயும் வடக்குத் தெருதானே? நீ சொல்லு. குழாயா, மைதானமா?

— நான் பஸ் ஓட்டறவன் சார். ஒரு நாளைக்கு ரெண்டு வேளை இந்த மதில் சுவத்தை ஒட்டித்தான் திருப்பறேன். பசங்க எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு உள்ள எட்டிப் பாக்கும். பஸ்ஸே சாயும். கோடவுன் வந்தா எதை எட்டிப் பாக்கும்? அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒருத்தன் அவுட்.

— கேட்டியா? இப்ப நான் சொல்றதையும் கேளு, நடுவுல ஜோக் அடிக்காதே. காகித மில் போச்சு. ரயில் போச்சு. பெரிய கடை ரெண்டும் மூடிட்டான். எலெக்ஷன் முடிஞ்சதும் ரெண்டு கட்சிக்காரனும் போயிட்டான். இந்த ஊரை விட்டுப் போகாம நின்னது இது ஒண்ணுதான். இந்தப் பலகை எல்லாம் யாரு அடிச்சது? மில்லுல ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்த ஆளுங்க ஓசியில அடிச்சது. ஆத்துல வெள்ளம் வந்தப்ப வடக்குத் தெரு பூரா எங்க தூங்கிச்சு? இதே பெஞ்சுல. நம்ம பொண்ணு ஜூனுக்கு அப்ப ரெண்டு வயசு. அந்தக் கோடியிலேருந்து இந்தக் கோடி வரைக்கும் ஒவ்வொருத்தர் முழங்காலாப் புடிச்சுட்டு நடந்துச்சு.

— மழை வந்தாத் தார்ப்பாய் இழுக்க இப்பவும் பாதி ஊரு இறங்குது. அதை எழுதியிருக்கேன்.

— எழுதுவே. எழுதிட்டுப் போயி விப்பே. வர்ஜில், தண்ணி கேன் தூக்கறதுல என் இடுப்பு வலிக்கும். தைலம் போட்டாப் போயிடும். சாயங்காலம் எந்திரிச்சுப் போறதுக்கு ஒரு இடம் இல்லேன்னா எனக்கு என்ன ஆகும்னு யோசிச்சியா? குழாயை மாத்து, வேண்டாம்னு சொல்லல. நீ கவுன்சிலர், அதுக்கு வேற வழி தேடறதுதான் உன் வேலை. நாலு ஆபீஸ் ஏறி இறங்கு. கெஞ்சு. சண்டை போடு. என் பேரைச் சொல்லிச் சுலபமான வழியில போகாதே.

— மூணு பேர் அவுட்.

— தெரியும். எண்ணிட்டுத்தான் திட்டறேன்.

— எல்லாரும் எந்திரிக்கிறாங்க. பாட்டு. ஓட்டிஸ், ஏழாவது இன்னிங்ஸ் நடுவுல எந்திரிக்கலாம்தானே? அது உலக வழக்கம்.

— நிக்கலாம் சார். நடக்கக் கூடாது.

— எடித் ஆரம்பிச்சுட்டா. பாவம், வயசாச்சு, இன்னும் ஆர்கனை விட மாட்டேங்கறா.

— வரப் போகுது பாரு, அந்த எடம். மூணாவது வரி.

— வந்துருச்சு. அந்தக் கட்டை இருக்கே, வாத்து மேல உக்காந்த மாதிரி. ஒவ்வொரு தடவையும் அதே எடத்துல அதே கத்தல்.

— ஊரே அந்தக் கத்தலோடதான் பாடுது. ஜூன் பாஸ்டனுக்குப் போனப்ப அங்க பெரிய மைதானத்துல சரியா வாசிச்சாங்களாம். இவ மட்டும் அந்த எடத்துல வாத்து மாதிரி கத்தியிருக்கா. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்களாம். என் பொண்ணுன்னு பெருமையா இருந்துது.

— சார்.

— என்ன ஓட்டிஸ்?

— நீங்க ரெண்டு பேரும் பேசினது கேட்டுது. ஒட்டுக் கேக்கல, தானாக் கேட்டுது. பாட்டு முடியற வரைக்கும் நான் கண்ணை மூடிக்கறேன். போறதுன்னா போயிடுங்க. எது வந்தாலும் பழி என் மேல போடுங்க.

— நானும் முழங்காலை மடக்கிட்டேன். தாராளமாப் போகலாம். போயி எந்தக் கையைத் தூக்கணுமோ தூக்கு. உன்னைக் கட்டிப் போட்டு வெச்சேன்னு நாளைக்கு எழுதாதே.

— மார்லீன்.

— போ.

— பாட்டு இன்னும் ஒரு வரி இருக்கு. முடிச்சிட்டு உக்காரலாம்.

— உக்காரப் போறியா?

— நீ கொஞ்சம் சத்தமாப் பாடு.

— ஓட்டிஸ், கண்ணைத் திற. உக்காந்துட்டார்.

— திறந்துட்டேன்மா. பாதிக் கண்ணுதான் மூடியிருந்தேன்.

— யோவ், நிஜமாவே போகலையா? நீ போகலேன்னா மூணுக்கு மூணு. முடிவே வராது.

— முடிவு வரலேன்னா இன்னையோட கம்பெனிக்காரன் பேச்சை முடிச்சுக்குவான். ஒப்பந்தப் பேப்பர்ல அப்படித்தான் போட்டிருக்கு. வேற ஊருக்குப் போயிடுவான்.

— உன்னைக் கிழிச்சுத் தொங்க விடுவாங்க.

— பழக்கம்தான். படகு வாங்கினப்பவே கிழிஞ்சது. நாளைக்குக் காலையில தலைநகருக்குக் கிளம்பறேன். குழாய்க்குப் பணம் குடுக்கற ஆபீஸ் ஜன்னல் எங்கயாவது ஒண்ணு இருக்கும், அதுல தலையை விடறேன். துரத்தினா அடுத்த ஜன்னல்.

— நானும் வர்றேன். நீ தனியாப் போனா ஜோக் அடிச்சிட்டுத் திரும்பிடுவே. ஒரு பாட்டில்ல என் வீட்டுத் தண்ணியைப் புடிச்சு எடுத்துட்டு வர்றேன். பெரிய ஆபீசர் மேஜை மேல வெச்சு, குடிங்கன்னு சொல்றேன்.

— அதை நான் எழுதலாமா?

— எழுது. சாக்ஸ் கதை வேண்டாம்.

— எட்டாவதும் வந்துருச்சு. பாரேன், ஒரு இருமல்கூட இல்ல. அந்தப் பக்கம் நீலக் கொடி நட்ட வீட்டுக்காரர், பக்கத்துல சிவப்புக் கொடி நட்ட வீட்டுக்காரர். போன வருஷம் எலெக்ஷன்ல ஆளுக்கொரு கட்சின்னு வேலிக்கு வேலி கத்திட்டிருந்தாங்க. இப்ப ஒரே பொட்டலத்துல வேர்க்கடலை. வாஷிங்டன்ல இருக்கறவங்களை ஒரு தடவை இங்க கொண்டு வந்து உக்கார வெக்கணும்.

— வேண்டாம். வந்தா எந்திரிச்சு எந்திரிச்சுப் போயிட்டே இருப்பாங்க.

— அம்பயர் கை தூக்கிட்டார். அவுட். பெரிய லீக்ல பந்து சரியா தப்பான்னு மெஷின் சொல்லுதாம். நம்மாளு தபால்காரர், மூக்குக் கண்ணாடி நழுவுது. ஆனா நாளைக்குக் காலையில எல்லார் வீட்டுக் கதவையும் தட்டியாகணும், அதனால தப்பு சொல்ல மாட்டார்.

— பேசாதே. பேசாதே. ரெண்டாவது ஆளும் போயாச்சு. என் கையைப் பாரு, ஐஸ் மாதிரி.

— குடு.

— இது இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான்.

— ஒன்பதாவது இன்னிங்ஸ் வரைக்கும்னு வெச்சுக்கோ.

— சார், எட்டு முடிஞ்சுது. நம்மாளுங்க ஒரே ஒரு ரன்தான் வெச்சிருக்காங்க. அது போதும். என்னாலதான் இனிமே முடியாது போல.

— அடக்கு ஓட்டிஸ். ஊருக்காக அடக்கு.

— வாத்தியார் வர்றார். தொப்பியைக் கழட்டி மறுபடி மாட்டறார். கணக்குப் பரீட்சைக்கு அவர் வகுப்புல பசங்க உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு மூஞ்சி.

— ஒருத்தன் அவுட்.

— ரெண்டு. ரெண்டாச்சு மார்லீன்.

— தெரியும். கையை நசுக்காதே. இன்னும் ஒரே ஒருத்தன்.

— பெர்னிஸுக்குப் போன் போடறேன்.

— இப்பவா? உனக்குப் புத்தி பிசகிடுச்சா?

— அவன் மட்டையைத் தேடி எடுத்து வர்றதுக்குள்ள முடிச்சிடறேன். அது நடக்கறதுக்கு முன்னாடி சொல்லணும். நடந்த பிறகு சொன்னா, ஆட்டத்தைப் பாக்கறதுக்காக உக்காந்தான்னு ஆயிடும். ஹலோ, பெர்னிஸ். வர்ஜில். நான் வீட்ல இல்லம்மா. குழாயும் உடையல, பிளம்பரும் வரல. கிம்பல் பார்க்ல என் சீட்ல உக்காந்திருக்கேன். கூட்டத்துக்கு வரமாட்டேன். மறந்துட்டான்னு குறிச்சுக்காதே, தெரிஞ்சேதான் வரலைன்னு குறிச்சுக்கோ. மேயர்கிட்டயும் எல்லார்கிட்டயும் சொல்லிடு, நாளைக்கு வந்து திட்டு வாங்கிக்கறேன். பெர்னிஸ்? இருக்கியா?

— என்ன சொல்றா?

— ஒண்ணும் சொல்லல. மூச்சுச் சத்தம் மட்டும் வருது.

— அதிர்ச்சியா இருக்கும். போனை விடு, எறியப் போறார்.

— நான் கண்ணை மூடிக்கறேன். நீ சொல்லு.

— அடிச்சுட்டான்.

— எங்க?

— மேல. ரொம்ப மேல. இடது பக்கம். நம்ம பேக்கரிக்காரப் பையன் பின்னாடியே ஓடறான். வேலிப் பலகையில முதுகு முட்டிட்டுது. குதிக்கிறான்.

— சொல்லு மார்லீன்.

— புடிச்சுட்டான்.

— நிஜமாவா?

— கண்ணைத் திறந்து பாருய்யா. புடிச்சுட்டான். நடந்துருச்சு. நம்ம மைதானத்துல, நம்ம வாத்தியார் கையால, நடந்தே போச்சு.

— சார், இப்ப எந்திரிக்கலாம். வண்டி நின்னாச்சு. நான் பாத்ரூம் போறேன், யாரும் குறுக்க வராதீங்க.

— வர்ஜில், எல்லாரும் கட்டிப் புடிச்சுட்டு இருக்காங்க, நீ ஏன் மரம் மாதிரி நிக்கற? போனை இன்னும் காதுல வெச்சுட்டு?

— ஷ்ஷ். எடித் வாசிக்கிறா.

— எனக்கும்தான் கேக்குது. இதோ, அந்த வாத்துக் கத்தலும் வந்துருச்சு.

— உனக்கு ஆர்கன்லேருந்து மட்டும் கேக்குது. எனக்கு இந்தக் காதுல ஆர்கன்லேருந்தும் அந்தக் காதுல போன்லேருந்தும் கேக்குது. பெர்னிஸ், வெச்சிடாதேம்மா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். மேயர் எந்த வரிசையில உக்காந்திருக்கார்னு மட்டும் சொல்லு.